இடிக்கிற வீட்டின் மரங்களை மொத்தமாகத் தள்ளிவிடலாமா?

8 ஜனவரி 2025, இரவு 9.10 – ஒரு வாசகரின் கேள்வி

கடலூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையோர ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பின்கட்டுச் சுவர் விழுந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் இடித்துவிட்டுத் தளம் போட்டுக் கட்டப்போகிறோம். இடிக்க வரும் ஒப்பந்தக்காரர் மரம் முழுவதையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அதைக் கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார். தேக்கு வாசக்காலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் நாட்டு மரம், நனைந்த மரம், பூச்சி பிடித்த மரம், விறகுக்குத்தான் ஆகும் என்பது அவர் பேச்சு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. புது வீட்டுக்கு யுபிவிசி கதவு, ஜன்னல் என்று முடிவாகிவிட்டது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு 10.45 – என் பதில்

ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டால், உள்ளே இருப்பதன் மதிப்பு அவருக்குத் தெரியும் என்று பொருள்.

எங்கள் அப்பா கடலூர் முதுநகரில் மரவாடி வைத்திருந்தார். பழைய வீடு இடிக்கிற இடங்களுக்கு அவரோடு போய் நின்றே வளர்ந்தவன் நான். அந்தக் காலத்தில் ஒரு வீட்டின் எல்லா வேலைக்கும் ஒரே மரத்தைப் போடவில்லை. வாசக்காலுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று, உத்திரத்துக்கு ஒன்று, ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கைகளுக்கு வேறொன்று. வெயில் படுகிற இடம், மழைச் சாரல் அடிக்கிற இடம், சுமை தாங்குகிற இடம் என்று பார்த்து ஆசாரி மரத்தைத் தேர்ந்தார். உங்கள் தாத்தா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதை எடைக்குப் போட்டால் அந்தத் தேர்வு முழுவதும் அடுப்புக்குப் போய்விடும்.

நாளை பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் கத்தியால் ஒரு சீவல் சீவிவிட்டு எடுங்கள். மேல்தோல் எல்லா மரத்திலும் கறுத்துத்தான் இருக்கும். சீவின இடம்தான் பேசும்.

9 ஜனவரி, காலை 6.30

நேற்றிரவு அவசரத்தில் விட்டது: பூச்சி.

உளுத்துப்போகிற பூச்சி பெரும்பாலும் தின்பது மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளைப் பகுதியை. உயிரோடு இருக்கும்போது நீர் ஓடி, மாவுச்சத்து சேர்ந்திருந்த பகுதி அது. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில் அந்த மாவுச்சத்து இல்லை. மரம் தன் பாதுகாப்புக்காகச் சேர்த்துவைத்த பிசினும் எண்ணெயும் அங்கே இருக்கின்றன. ஓர் உத்திரத்தின் விளிம்பிலிருந்து மாவு கொட்டுகிறது என்பதற்காக உத்திரமே போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஓர் ஊசியையோ மெல்லிய திருப்புளியையோ குத்திப் பாருங்கள். கால் அங்குலத்தில் தடுத்து நின்றால், உளுத்தது வெள்ளை மட்டும். இழைப்புளி போட்டு அதை எடுத்துவிட்டால் உள்ளே பழுதில்லாத மரம் நிற்கும்.

நனைந்ததற்கும் கவலை வேண்டாம். முன்பு வெட்டிய மரத்தைக் குளத்திலும் கழிமுகத்திலும் மாதக்கணக்கில் ஊறப்போட்டார்கள். மாவுச்சத்து கரைந்துபோகும், பூச்சி அண்டாது. உங்கள் வீட்டு மரம் சில நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதை வெயிலில் காயவைப்பதுதான் ஆபத்து. நிழலில், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, ஒன்றுக்கொன்று இடையில் கட்டை வைத்து, காற்றோட அடுக்குங்கள். இருபுற முனைகளிலும் சாணமோ பழைய பெயிண்டோ பூசிவிடுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

9 ஜனவரி, பிற்பகல் 2.15

படங்கள் பார்த்தேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

வாசக்கால் தேக்குதான். சீவின இடத்தில் பொன்னிறம், அதில் கருங்கோடு. தொட்டால் எண்ணெய்ப் பசை இருக்கும், மோந்தால் பழைய தோல் வாசனை வரும். அந்த எண்ணெய்தான் கறையானை விரட்டுகிறது. வெள்ளம் நின்ற அடிப்பகுதி ஒரு சாண் கெட்டிருந்தாலும் அதை அறுத்துவிட்டுக் கருங்கல் பீடம் கொடுத்து நிறுத்தலாம்.

தாழ்வாரத் தூண்கள் பலா. பழுப்பேறியிருக்கின்றன, ஆனால் சீவலில் மஞ்சள் தெரிகிறது. பலாவுக்கு அதுதான் அடையாளம். வெட்டிய புதிதில் நல்ல மஞ்சள், வயதாக ஆகச் செம்பழுப்பு.

கைகள் பனை. பெரிய உத்திரம் இலுப்பை என்று தோன்றுகிறது. சமையலறை மேலே பரணைத் தாங்கும் கருஞ்சிவப்பு விட்டம்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. அதன் படத்தை இன்னும் அருகில் போய் எடுங்கள். ஆணி அடித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

9 ஜனவரி, இரவு 8.00

பனை என்பது மரமே இல்லையே, அதை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். தாவர நூலார் சொல்வது சரிதான். தொல்காப்பிய மரபியலும் புறத்தே காழ் (வைரம்) உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. பனை புல்லின் பக்கம் போகிறது. அதன் உறுதியெல்லாம் வெளிச்சுற்றில், உள்ளே நார்ச்சோறு. அதனால்தான் நான்காகப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த வெளிப்பக்கத்தைக் கைகளாகப் போட்டார்கள். முற்றிய பனங்கையில் கறையான் எளிதில் ஏறாது. புது வீட்டில் மாடியில் ஒரு கொட்டகை போடுவதாக இருந்தால், கைகளுக்கு மரம் வாங்க வேண்டியதில்லை.

10 ஜனவரி, காலை 7.20

கிளைக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது. "சவுக்கு பைன் இனம்தானே? ஊசி இலை, கூம்புக் காய். பிறகு எப்படி அதை வன்மரம் என்கிறார்கள்?"

தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு கிளையைப் பறித்துப் பாருங்கள். ஊசி என்று நீங்கள் நினைப்பது இலையே இல்லை, பச்சை நிறச் சிறு தண்டு. மெல்ல இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகத் தெரிவதுதான் இலை. எந்தக் கணுவில் கழற்றி மாட்டினேன் என்று கண்டுபிடிக்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் விளையாடியிருக்கிறோம். சவுக்கு பூக்கிற மரம். குறுக்கே வெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். நீர் ஏறிய குழாய்களின் வாய்கள் அவை. பைனில் அந்தக் குழாய்கள் கிடையாது. தாவர நூலார் வன்மரம், மென்மரம் என்று பிரிப்பது இதைக் கொண்டுதான். தென்னமெரிக்க பால்சா, விரல் நகம் பட்டால் பள்ளம் விழுகிற அளவுக்கு மெத்தென்று இருந்தாலும், குழாய் உள்ளதால் தேக்கு, ஆச்சாவின் கூட்டத்தில்தான் சேர்கிறது.

சவுக்கு நம் மரமும் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியக் கரைகளின் மரம். ரயில் எஞ்சின் விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் பயிரிட்டார்கள். வேர் முடிச்சில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளர்கிறது. கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு இன்று அது நிற்கிற பணம்: சாரத்துக்கு, பந்தலுக்கு, காகித ஆலைக்கு. கடினத்தில் குறைவில்லை, ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அதனால் கதவு செய்ய யாரும் எடுப்பதில்லை.

10 ஜனவரி, காலை 7.50

சவுக்கு என்றதும் சுனாமியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் மாவட்டக் கரையை ஆராய்ந்து, அலையாத்தியும் சவுக்கும் முன்னால் நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஒரு கட்டுரை வந்தது. கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் முக்கியக் காரணம் என்று வேறு அறிஞர்கள் மறுத்தார்கள். பிச்சாவரத்துக்குப் பின்னால் குடியிருக்கும் உறவினர்களிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டவன் என்ற முறையில், இரண்டு பக்கத்தையும் மதித்தே சொல்கிறேன்: அலையாத்திக் காட்டை வெட்டாமல் வைத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

10 ஜனவரி, இரவு 11.30

பலாத் தூண்களைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று காலையிலிருந்து மனதில் இருந்தது.

பண்ருட்டிப் பலா என்றால் ஊருக்குப் பழம் நினைவு வரும். இசைக்காரர்களுக்குக் கட்டை நினைவு வரும். மிருதங்கத்துக்குக் கட்டை கடைகிறவர்கள் பண்ருட்டி மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். அதற்கும் நம் பக்கத்து மரம் போகிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. தவிலின் கட்டையும் பலா.

ஏன் பலா? தேக்கில் எண்ணெய் அதிகம், ஆச்சாவில் எடை அதிகம். பலா நடுவில் நிற்கிறது. குடைந்து மெல்லிய சுவராக்கினாலும் பிளவதில்லை. அதன் இழைகள் ஒரு அடுக்கில் வலப்புறமும் அடுத்த அடுக்கில் இடப்புறமும் சாய்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். இழைப்புளி போடும்போது ஆசாரி திட்டுவதும் அதே பின்னலைத்தான். ஒரு பக்கம் வழவழவென்று வரும், அடுத்த அங்குலத்தில் சிராய் பிய்யும்.

அப்பாவின் வாடிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மரத்தை அளக்குமுன் தட்டுவார்கள். விரல் முட்டியால் அடியில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, நுனியில் ஒரு தட்டு. முகத்தைப் பார்த்தே அப்பா விலையைச் சொல்லிவிடுவார். எந்த மரம் கிணற்றோரம் வளர்ந்தது, எந்த மரம் மேட்டு நிலத்தில் வளர்ந்தது என்றுகூட அந்தத் தட்டலில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அப்பாவின் உறுதி. எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை. ஆனால் வெடிப்புள்ள கட்டையின் மொத்தையான ஓசையும் நல்ல கட்டையின் துடிப்பும் வேறு என்பது யார் தட்டினாலும் கேட்கும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முந்திரி மறுபடி நட்டால் சில ஆண்டில் காய்க்கும். தாத்தா நட்ட பலாவுக்கு என்ன செய்வது? ஒரே வாரத்தில் அத்தனை மரமும் சந்தைக்கு வந்தால் விலை எங்கே நிற்கும்? கட்டையாகியிருக்க வேண்டிய எத்தனையோ பலா விறகாகப் போனது. அறுக்க வாளில்லை, அடுக்கிக் காயவைக்க இடமில்லை, காத்திருக்கக் கையில் பணமில்லை. அன்றைக்கு நான் பார்த்ததுதான் இன்றைக்கு உங்களிடம் இவ்வளவு வற்புறுத்தக் காரணம். புயல் தள்ளிய மரத்துக்கு அவகாசமில்லை. உங்களுக்கு இருக்கிறது.

11 ஜனவரி, மாலை 5.10

பண்ருட்டி அண்ணன் ஒருவர் தனியே எழுதிச் சொன்னதைச் சேர்க்கிறேன்: பலாவின் வைரத்திலிருந்து மஞ்சள் சாயம் இறங்கும். சீவலைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதும். பர்மா, தாய்லாந்து பிக்குகளின் துவராடைக்கு அந்தச் சாயம் ஏற்றினார்கள். உங்கள் தூணின் சீவல் இருந்தால் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுங்கள்.

12 ஜனவரி, காலை 10.00

சமையலறை விட்டத்தின் புதுப் படம் வந்துவிட்டது. கருஞ்சிவப்பு, ஊதா சாயல், அடித்த ஆணியே உள்ளே ஏறாமல் வளைந்து நிற்கிறது. ஆச்சாவாக இருக்கலாம். அப்படியென்றால் அதை ஒரு கைப்பிடிக் காசுக்கு விட்டுவிடாதீர்கள்.

நாகசுரம் ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை, நாகசுர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகசுரத்தை (நீளமான, சுருதி தாழ்ந்த வகை) உருவாக்கிக் கொடுத்த ஊர். 2022இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் ஆசாரிகள் பச்சை மரத்தைத் தொடுவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்திரம், விட்டம், தூண் இவற்றைத்தான் தேடுகிறார்கள். தலைமுறைக் கணக்கில் கூரைக்கடியில் காய்ந்த ஆச்சா இனி சுருங்காது, கோணாது. நீண்ட மரத்தின் நடுவே மேலே குறுகிக் கீழே விரியும் துளை போட்டு, அதில் மணிக்கணக்காக மனிதர் மூச்சின் ஈரம் போய்வந்தாலும் வெடிக்காமல் நிற்க வேண்டும் அல்லவா? புது மரம் அதைத் தாங்காது.

அதாவது உங்கள் ஒப்பந்தக்காரர் விறகு என்று சொன்னது, ஒரு கைவினைக்கு வேறெங்கும் கிடைக்காத மூலப்பொருள். காட்டில் ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். இடிக்கிற வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தால் போதும்.

12 ஜனவரி, பிற்பகல் 1.40

உறுதிசெய்ய ஒரு வழி: விட்டத்தின் முனையிலிருந்து கட்டைவிரல் அளவு சில்லு எடுத்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் போடுங்கள். ஆச்சா மூழ்கும். காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ, ஆச்சா 30 கிலோவைத் தொடும், தண்ணீரே 28 கிலோதான்.

13 ஜனவரி, விடியற்காலை 5.30

போகி. தெருமுனையில் ஒரு ஜன்னல் சட்டத்தை நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு மூலையிலும் கழுந்து (துளையில் செருகும் முனை) வைத்துப் பொருத்திய சட்டம், ஒரு திருகாணிகூட இல்லாமல். கேட்டேன், தரமாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் நான் போவதற்குள் பாதி எரிந்துவிட்டது. பழையன கழிதல் என்பதற்குப் பாயும் துடைப்பமும் போதாதா? இதைப் படிக்கிறவர்கள் உங்கள் தெருவில் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

15 ஜனவரி, இரவு 9.25

பொங்கலுக்கு வந்த மாமா இந்தத் தொடரைப் படித்துவிட்டு, "வீட்டு மரத்தையே எழுதுகிறாயே, படகு மரத்தை எழுதினாயா?" என்று கேட்டார். அவர் முதுநகர்த் துறைமுகத்தில் படகு கட்டுகிற இடத்தில் இருந்தவர்.

அவர் சொன்னதும் நான் பார்த்ததும்: அடியில் ஓடுகிற ஏராக்கட்டைக்கு நீளமான, நீரில் கெடாத இலுப்பை. படகின் விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளுக்குக் கருவேலம், வாகை, பூவரசு. வங்குக்கு நேரான மரம் உதவாது. வளைவாகவே வளர்ந்த கிளை வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை நடுவில் அறுபட்டு, அலை அடிக்கிற இடத்தில் பிளக்கும். வளைந்து வளர்ந்த கிளையில் இழையும் வளைவோடு போகிறது. அதனால் படகு ஆசாரிகள் அட்டைப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மரவாடியில் கிளை கிளையாக வைத்துப் பார்ப்பார்கள். அப்பா கோணல் கிளைகளைத் தனியே ஒரு மூலையில் சேர்த்துவைத்திருந்தது இதற்காகத்தான். மற்ற வாடிகளில் அவை விறகு.

கட்டுமரத்துக்கு இதற்கு நேர்மாறு. அங்கே எடை குறைந்த, மிதக்கிற மரம்தான் தேவை. கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஃபைபர் படகில் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்; எடை குறைவு, பராமரிப்பு குறைவு, கப்பல்புழு துளைக்காது. கோணல் கிளையின் அருமை தெரிந்த ஆசாரிகள் வயதாகி ஓய்ந்துபோகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

16 ஜனவரி, காலை 8.05

இலுப்பை உத்திரத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தேர்களில் பெரும்பகுதி இலுப்பையும் தேக்கும் வேங்கையும். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஓடுகிற தேரையும், புதுச்சேரி வில்லியனூரில் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கிற தேரையும் பார்க்கும்போது மேலே உள்ள அலங்காரத்தை விட்டுவிட்டுக் கீழே அச்சுக்கு மேலிருக்கும் பாரைப் பாருங்கள். அத்தனை எடையும் குலுங்கிக் குலுங்கி அந்த மரத்தில்தான் இறங்குகிறது. இலுப்பைக் கொட்டையின் எண்ணெய் கோயில் விளக்குக்கு, பூ பஞ்ச காலத்துச் சர்க்கரைக்கு (ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை), பிண்ணாக்கு தலை தேய்க்க. இத்தனை கொடுத்த மரத்தை இன்று யாரும் நடுவதில்லை. இருக்கும் உத்திரத்தையாவது நீளம் குறைக்காமல் வையுங்கள். நீளமான இலுப்பை இப்போது தேடினாலும் கிடைக்காது.

16 ஜனவரி, இரவு 10.15

"கருங்காலி மாலை வாங்கினேன், தண்ணீரில் மிதக்கிறது" என்று இன்னொருவர். புதுச்சேரியில் ஒரு கடையில் நானும் பார்த்தேன். ஏதோ வெளிறிய மரத்துக்குச் சாயம் ஏற்றியது. நனைந்த பஞ்சால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு பஞ்சுக்கு வரும். வைரம் பாய்ந்த கருங்காலி மிதக்காது. நம் பாட்டிகள் கருங்காலியைக் கழுத்தில் போடவில்லை, உலக்கையாக இரும்புப் பூண் கட்டிக் கையில் எடுத்தார்கள். அந்தப் பழைய உலக்கை உங்கள் வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

18 ஜனவரி, மாலை 6.40

இன்று புதுச்சேரி போனவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் இறங்கினேன். இந்தத் தொடரில் வெட்டிய மரத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம், நிற்கிற மரத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கோயிலைச் சுற்றியிருப்பது நம் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி. உலக்கைப்பாலையின் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. அய்யனார் காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்கிற பயம்தான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சுற்றிலும் சவுக்கும் மனையும் வந்துவிட்டன. பொதுவாக மெல்ல வளரும் இனங்களின் மரம் அடர்த்தியாக இருக்கும். ஒரு உலக்கைக்கு வேண்டிய தடிமன் வருவதற்கு இந்த வறண்ட மண்ணில் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பக்கத்திலேயே ஆரோவில். 1968இல் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழைநீர் அறுத்த வெற்றுப் பள்ளங்களாகக் கிடந்தது. முதலில் வேகமாக வளர்கிற கத்திச்சவுக்கை (பெயரில்தான் சவுக்கு, இது வேல மர இனம்) நிறைய வைத்தார்கள். அதன் நிழலில் நாட்டு மரங்களை வைத்தார்கள். தானே புயலில் கத்திச்சவுக்குகள் ஏராளமாகச் சாய்ந்தபோது, கீழே காத்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. விழுந்த மரத்தை அவர்கள் பலகையாக அறுத்து மேசை நாற்காலி செய்தார்கள். பண்ருட்டியில் அறுக்க வாளில்லாமல் விறகாகப் போனதை மேலே எழுதியிருந்தேன். ஒரே புயல், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் இடைவெளி. மரம் விழுவதற்கு முன்பே வாளும் கொட்டகையும் தயாராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு பொது அறுவைக் கொட்டகை, காயவைக்கக் கூரை. இவ்வளவுதான் கேட்கிறேன். அடுத்த புயல் வராமலா போகும்?

18 ஜனவரி, இரவு 9.00

அந்தப் பக்கம் போகிறவர்கள் திருவக்கரையையும் பார்த்துவிடுங்கள். வக்கிரகாளி கோயிலுக்குப் பக்கத்தில் கல்மரப் பூங்கா, 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அமைத்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள், கல்லாக மாறிக் கிடக்கின்றன. கிளையும் இல்லை, வேரும் இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்த அடிமரங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். அவை கிடக்கிற பாறைக்கு நம் ஊர்ப் பெயரே: கடலூர் மணற்கல். லென்ஸ் கொண்டுபோனால் சில துண்டுகளில் மரத்தின் வளையம்கூடத் தெரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் ஆதிகாலத்து மரம் செடிகள் புதைந்து உண்டானதுதான். வெட்டியெடுக்கும் கட்டிகளில் மரத்தின் வரி அப்படியே இருப்பதை அங்கே வேலை செய்பவர்கள் காட்டுவார்கள்.

21 ஜனவரி, பிற்பகல் 3.30

சில்லு மூழ்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நரசிங்கம்பேட்டைக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை. மூழ்குகிற மரம் ஆச்சா மட்டும் இல்லை. கருங்காலி மூழ்கும், உலக்கைப்பாலை மூழ்கும். ஆச்சாவாகவே இருந்தாலும் நாகசுரத்துக்கு ஆக இன்னும் சில பொருத்தம் வேண்டும்: இழை நேராக ஓட வேண்டும், நடுவில் கண் (கிளை முளைத்த முடிச்சு) இருக்கக் கூடாது, ஆணித் துளை கூடாது, ஊடுருவிய வெடிப்பு கூடாது. கையில் எடுத்துப் பார்க்கிற ஆசாரிதான் சொல்ல முடியும். ஆகாது என்றால் அதுவே உலக்கையாகும், உளிப்பிடியாகும், கொட்டாப்புளியாகும்.

யுபிவிசி முடிவை மாற்றச் சொல்லி நான் வாதாடப்போவதில்லை. குளியலறைக்கும் மழை அடிக்கிற மேற்குச் சுவருக்கும் அது நல்லது. தலைவாசலுக்கு மட்டும் தாத்தாவின் வாசக்காலை நிறுத்துங்கள். புதுத் தேக்கு என்று இப்போது சந்தையில் வருவதில் பாதி இளமரம். வெள்ளை அதிகம், வைரம் குறைவு. உங்கள் வீட்டில் இருப்பதற்குச் சமமானதைக் காசு கொடுத்தாலும் வாங்குவது கடினம்.

22 ஜனவரி, இரவு 8.50

இடிக்கும் வரிசை. முதலில் ஓடு, அடுத்து ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்), பிறகு பனங்கை, அதன்பின் விட்டமும் உத்திரமும், கடைசியில் தூண். வாசக்காலைச் சுவரோடு சேர்த்துத் தள்ளவிடாதீர்கள். சுற்றிலும் ஒரு அடி சுவரைக் கையால் உடைத்து, குறுக்குக் கட்டை கொடுத்து, நான்கு பேராக இறக்க வேண்டும். ஜேசிபி உள்ளே வருவது மரம் முழுவதும் வெளியே வந்த பிறகுதான். கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாள்பட்டறைக்கு அனுப்புமுன் காந்தம் வைத்துத் தடவி ஆணிகளை எடுத்துவிடுங்கள். ஓர் ஆணி வாளையும் கெடுக்கும், ஆளையும் வெட்டும்.

சனிக்கிழமை காலை முதுநகர் ஆசாரியை அழைத்துக்கொண்டு நானும் வருகிறேன். அளவு நாடா, காந்தம், எண் போடச் சுண்ணாம்பு எல்லாம் எங்களிடம் இருக்கிறது. அதற்குள் ஒப்பந்தக்காரரிடம் கூலி தனி, மரம் தனி என்று சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.